ஓல் மிஸ்: இடுகுறியா, காரணமா?

பெயர்களின் இயல்பைக் கூறவந்த நம் இலக்கண நூலார் அவற்றை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக்கொண்டனர். மரம் என்பது இடுகுறி. பறத்தல் பற்றிப் பறவை என்றது காரணம். முள்ளி என்னுஞ் சொல்லோ, முள்ளுடைமையாகிய காரணம் பற்றி எழுந்ததாயினும், முள்ளுடைய எல்லாவற்றையும் சுட்டாது ஒரு செடிக்கே உரியதாய் நிற்றலிற் காரண இடுகுறி எனப்பட்டது. இப்பாகுபாட்டைக் கற்ற மாணவன் சிறிது சிந்திப்பானாயின் அடுத்து ஒரு வினாவை எழுப்புவான். காரணம்பற்றி வந்த பெயர், வழங்கி வழங்கித் தன் காரணத்தை அறவே இழந்து வெறும் இடுகுறியாய்விடுதல் கூடுமா? கூடுமெனின், அஃது அவ்வாறாயிற்று என்று தீர்ப்புக் கூறுதற்கு உரியவர் யாவர்? பெயரைச் சொல்லுவோரா, கேட்போரா?

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்திலே, மிசிசிப்பி மாநிலத்தில், ஒக்ஸ்போட் என்னும் சிறு நகரில் அமைந்தது மிசிசிப்பிப் பல்கலைக்கழகம். அதன் விளையாட்டு இரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவையே நடுவில் வைத்து வழக்காடி வந்துள்ளனர். இலக்கணக் கலைச்சொற்களை அவர்கள் கையாளவில்லை என்பதே வேறுபாடு. தம் அணியின் பெயரும் கொடியும் பாட்டும் உருவச் சின்னமும் தமக்கு எதனை உணர்த்துகின்றன, பிறருக்கு எதனை உணர்த்துகின்றன, பிறர் கருத்துக்குத் தாம் எவ்வளவு செவிசாய்த்தல் வேண்டும் என்பனவே வழக்கின் பொருள். அவ்வழக்கை, ஒரு நூலை ஆராயுமாறு போல, அதன் சொற்களை எடுத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் களத்தைச் சிறிது அறிதல் நன்று. அப்பல்கலைக்கழகம் 1848ஆம் ஆண்டிற் கற்பித்தலைத் தொடங்கியது. நாவலாசிரியர் வில்லியம் போக்னர் வாழ்ந்த ஊர் ஒக்ஸ்போட். அவர் சில காலம் பல்கலைக்கழக அஞ்சலகத்தில் அஞ்சலதிபராகவும் இருந்தார். அவ்வேலையைச் செவ்வனே செய்தார் என்று அவரைப் போற்றுவோருங் கூறுவதில்லை. அங்கே உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைப் பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது அது. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளிற் பழைய மாணவர் குடும்பங் குடும்பமாக வந்து, 'தோப்பு' எனப்படும் மரச்சோலையிற் கூடாரமிட்டு விருந்துண்டு, பின்னரே ஆட்டரங்கு புகுவர். தந்தை கற்ற இடம், பாட்டன் ஆடிய களம் என்ற பற்று அவர்களிடம் மிகுதி. அவ்வணியின் பெயர் 'றெபல்ஸ்', அதாவது கலகக்காரர். பல்கலைக்கழகம் முழுவதற்கும் வழங்கும் செல்லப்பெயர் 'ஓல் மிஸ்'. அதனைக் கேட்போர் மிசிசிப்பி என்பதன் சுருக்கம் என்றே முதலிற் கருதுவர். அதன் வரலாறு வேறு. பின்னர் அதனை விரித்துக் கூறுவோம்.

வழக்கிலே பழைமை விரும்பும் இரசிகர் முதலாவதாக எடுத்துக்காட்டுவது மரபு. 1861இல் தென்மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து தனிக்கூட்டு அமைத்துப் போர் தொடுத்தபோது, அப்பல்கலைக்கழக மாணவரிற் பெரும்பாலோர் ஏட்டைக் கீழேவைத்துப் படையிற் சேர்ந்தனர். அவர்களைக் கொண்டு அமைந்த படைப்பிரிவு 1863ஆம் ஆண்டு கெற்றிஸ்பேக் போரில் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. அந்த இளைஞரின் நினைவே எங்கள் பெயரும் கொடியும் என்பர் இரசிகர். இவ்வாதம் எள்ளி நகையாடத் தக்கதன்று. இருபது வயதிற் செத்தவனை நினைத்தல் எக்குலத்துக்கும் உரிய பண்பு. நடுகல் நாட்டிய மரபில் வந்த நாம் அதனைக் குறைகூற முடியாது.

ஆயினும் ஆண்டுகளை நிரல்பட வைத்து நோக்கும்போது அவ்வாதம் தளர்கின்றது. போர் முடிந்தது 1865இல். 'றெபல்ஸ்' என்னும் பெயர் அணிக்குச் சூட்டப்பட்டதோ 1936இல். அதுவும் மாணவர் பத்திரிகை ஒன்று போட்டி வைத்து, விளையாட்டுச் செய்தியாளரின் கருத்தைக் கேட்டுத் தெரிந்தெடுத்த பெயர். அதற்குமுன் அவ்வணி 'வெள்ளம்' என்ற பெயராலும் ஆடியதுண்டு. மிசிசிப்பி ஆற்றை நினைத்து வைத்த பெயர் போலும். வெண்தாடியும் அகன்ற தொப்பியும் கைத்தடியுமாகப் பழைய தோட்ட முதலாளியின் சாயலில் வரைந்த 'கேணல் றெப்' என்னும் உருவம் 1930களின் பிற்பகுதியிலே தோன்றியது. தென்மாநிலக் கூட்டின் போர்க்கொடி ஆட்டரங்கில் ஆயிரக்கணக்கில் அசையத் தொடங்கியது 1948ஆம் ஆண்டளவில். அவ்வாண்டில் நிகழ்ந்தது யாது? கறுப்பின மக்களின் உரிமைக்குச் சனநாயகக் கட்சி ஆதரவு காட்டியது கண்டு வெகுண்ட தென்னாட்டுத் தலைவர்கள் தனிக்கட்சி அமைத்தனர். மிசிசிப்பி ஆளுநர் பீல்டிங் றைற் அக்கட்சியின் துணைச் சனாதிபதி வேட்பாளராக நின்றார். கெற்றிஸ்பேக்கில் இறந்தோர்க்கு எண்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து எடுத்த கொடி என்று அதனை நம்புவது அரிது. நன்னூலார் இடுகுறி, காரணம் என்னும் இரண்டனோடு மரபையும் ஆக்கத்தையும் சேர்த்துக் கூறியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரசிகர் மரபு என்றது உண்மையில் ஆக்கம். அதுவும் அண்மைக்காலத்து ஆக்கம்.

அக்கொடி எதற்காக எடுக்கப்பட்டது என்பதை 1962 ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. ஜேம்ஸ் மெரடித் என்னும் கறுப்பின இளைஞர், விமானப்படையிற் பணிபுரிந்தவர், நீதிமன்ற ஆணை பெற்று அப்பல்கலைக்கழகத்திற் சேர முயன்றார். செப்ரெம்பர் 29ஆந் திகதி தலைநகராகிய ஜக்சனில் கென்ரக்கி அணியோடு ஆட்டம். இடைவேளையில் ஆளுநர் றொஸ் பானற் களத்தின் நடுவே நின்று, மிசிசிப்பியையும் அதன் மக்களையும் அதன் வழக்கங்களையும் தாம் நேசிப்பதாகச் சில சொற்களே பேசினார். அரங்கு முழுவதும் கொடிகள் ஆர்ப்பரித்தன. மறுநாள் இரவு ஒக்ஸ்போட்டில் எழுந்த கலகத்தில் இருவர் இறந்தனர். அவருள் ஒருவர் செய்தி திரட்ட வந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர். ஒக்ரோபர் முதலாந் திகதி மெரடித் படையினர் காவலிற் பதிவுசெய்யப்பட்டு, 1963 ஓகத்தில் பட்டம் பெற்றார். அவ்வாண்டு உதைபந்தாட்ட அணி ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. இன்றும் 1962ஆம் ஆண்டைப் பற்றி ஒக்ஸ்போட்டில் வினாவுவோர்க்கு இரண்டு விடைகள் கிடைக்கும். ஒருவர் வெற்றியைச் சொல்வார், மற்றொருவர் அவ்விரவைச் சொல்வார். இரண்டும் ஒரே கொடியின்கீழ் நிகழ்ந்தவை.

சின்னம் எதற்கு என்பதைச் சற்றே எண்ணிப்பார்ப்போம். பழந்தமிழ் வேந்தர் மூவர்க்கும் பனை, வேம்பு, ஆத்தி என மூன்று பூக்கள் உரியவாயின. போர்க்களத்தில் இன்னார் படை இன்னது என அறிதற்கு அவை பயன்பட்டன. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரிற் பொருதபோது கோவூர் கிழார் அவ்விரண்டு சோழரையும் நோக்கி, நீவிர் இருவீரும் அணிந்தது ஆத்தியே அன்றோ, எவர் தோற்பினும் தோற்பது உங்குடியே அன்றோ என்ற கருத்துப்படப் பாடியதைப் புறநானூறு பேணி வைத்துள்ளது. பூவானது பிறரினின்று நம்மைப் பிரிப்பதோடு நம்முள் நம்மைச் சேர்த்தலுஞ் செய்யவேண்டும் என்பது புலவர் கருத்து. மிசிசிப்பியின் கொடி முதற்றொழிலைச் செய்தது. இரண்டாவதைச் செய்ய அதனால் இயலவில்லை. ஏனெனின் 1970களின் தொடக்கத்திலிருந்து அவ்வணியிற் கறுப்பின இளைஞர் ஆடத் தொடங்கினர். அவர்கள் ஓட, அவர்தம் பாட்டனாரை அடிமைப்படுத்திவைக்கப் போர்செய்த கூட்டின் கொடியை அசைத்து அவர்களை ஊக்குவித்தனர் இரசிகர். இம்முரண் அரங்கில் அமர்ந்திருந்தோர்க்குப் புலனாகவில்லை போலும்.

புலனாக்கியவர் ஜோன் ஹோக்கின்ஸ் என்னும் மாணவர். 1982இல், அணியை ஆர்ப்பரித்து ஊக்கும் மாணவர் குழுவுக்கு முதன்முதலாகத் தெரிவான கறுப்பினத்தவர் அவர். அக்குழுவினர் போர்க்கொடியை ஏந்திக் களத்துட் புகுவது வழக்கம். ஹோக்கின்ஸ் குழுவிற் சேர்ந்தார். கொடியை ஏந்த மறுத்தார். அதற்கு முன்னரும் கொடியைக் கண்டித்தோர் பலர். அவர்களையெல்லாம் வெளியார் என்றும் பகைவர் என்றும் ஒதுக்க இரசிகரால் இயன்றது. இவரை அவ்வாறு ஒதுக்க இயலவில்லை. இவர் அவர்களுடைய அணிக்காகவே குரல் கொடுப்பவர். அவர்களுடைய நிறத்தையே அணிந்தவர். கொடியின் பொருள் மாறிவிட்டது, அஃது இப்போது வெறும் விளையாட்டுக் குறியே என்று கூறிய வாதம், அக்கொடியைக் கையில் ஏந்தவேண்டிய ஒருவர் கைநீட்ட மறுத்த அக்கணத்திலே தோற்றது. வழக்கின் முழு வரலாற்றிலும் இதனினும் தெளிவான வாதத்தை நான் கண்டிலேன். அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த ஆண்டு பல்கலைக்கழக வேந்தர் போட்டர் போச்சூன், கொடி இனிப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வச் சின்னமன்று என அறிவித்தார். (அங்கே வேந்தர் எனப்படுபவர் நம் நாட்டுத் துணைவேந்தரைப் போல அன்றாட நிருவாகத்தை நடத்துபவர்.)

அறிவிப்பு இருந்தது, கொடிகளும் இருந்தன. இரசிகர் தம் பணத்தில் வாங்கித் தம் கையில் ஏந்தி வந்தனர். பதினான்கு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. பின்னர் வேந்தராகிய றொபேட் கையற், தாமே அவ்வணியில் ஆடிய பழைய வீரர். 1997இல் அவர் மேற்கொண்ட வழி நுட்பமானது. கொடியைத் தடைசெய்தாற் பேச்சுரிமை வழக்கு வரும். ஆகவே அரங்கினுட் கோல்களைக் கொண்டுவருதல் ஆகாது, பிறர் கண்ணிற் குத்திவிடும் என்று பாதுகாப்பு விதி ஒன்று பிறந்தது. கோலின்றிக் கொடி ஏது? நீதிமன்றம் சென்று எதிர்த்தோரும் தோற்றனர். பயிற்றுநர் ரொமி ரபவில், கொடியைக் கண்டு நல்ல ஆட்டக்காரர் நம்மிடம் வர அஞ்சுகின்றனர் எனக் கூறி இரசிகரின் ஒத்துழைப்பை வேண்டினார்.

இங்கே திறனாய்வாளன் சற்றே நிற்றல் வேண்டும். தீய சின்னம் ஒன்று அகன்றது, அதுபற்றி மகிழ்ச்சியே. ஆயின் அஃது அகன்றதற்குக் கூறப்பட்ட காரணங்கள் எவை? கண்ணிற் குத்தும், ஆட்டக்காரர் வாரார், வெளியுலகம் நம்மை இகழும். இவற்றுள் ஒன்றேனும், அக்கொடி யாருக்கு எதனைச் செய்தது என்று கூறவில்லை. கையற்றின் நோக்கம் தாழ்ந்ததென்று நான் கருதவில்லை. அவர் காலத்திலேதான் அப்பல்கலைக்கழகம் பை பீற்றா கப்பா என்னும் பெருமைமிக்க கல்விக் கழகத்தின் கிளையைப் பெற்றது. 2008இல் ஒபாமாவும் மக்கெயினும் சனாதிபதித் தேர்தலுக்காக முதலாவதாக வாதிட்ட மேடையும் ஒக்ஸ்போட்டிலேயே அமைந்தது. அவர் இரசிகரை அறிந்தவர். எந்த வாதம் அவர்கள் செவியில் ஏறும் என்பதையும் அறிந்தவர். வெற்றி வேண்டுமா, கொடி வேண்டுமா என்று கேட்டார். பெரும்பாலோர் வெற்றியைத் தெரிந்தனர். ஆனால் ஊர்வாய்க்கு அஞ்சி விட்டுக்கொடுத்தவன், அதனை இழப்பாகவே நினைவில் வைத்திருப்பான். பிழையென்று உணர்ந்து விட்டவன் அவ்வாறு நினையான். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு வேண்டும்.

2003இல் கேணல் றெப் வேடமிட்டுக் களத்தில் ஆடுவது நிறுத்தப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப எவ்வுருவும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2010இல் புதிய உருவத்தைத் தேடலாமா என மாணவரிடம் வாக்குக் கேட்டபோது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. விண்வெளிப் போர்கள் பற்றிய பெயர்பெற்ற திரைப்படத் தொடரில் மீன்தலைத் தளபதி ஒருவர் வருவார்; அக்பார் என்பது பெயர். கொடுங்கோற் பேரரசை எதிர்க்கும் கலகக்காரரின் தலைவர்களுள் ஒருவர் அவர். அவரையே நம் சின்னமாக்கினால் என்ன என்று மாணவர் சிலர் இயக்கம் நடத்தினர். நாடெங்கும் பத்திரிகைகள் அதனை எழுதின. நகைச்சுவை என்று பலர் அதனைக் கைவிட்டுவிடுவர். எனக்கு அது கூர்மையான இலக்கணச் செயலாகவே தோன்றுகின்றது. 'கலகக்காரர்' என்னும் பெயரை வைத்துக்கொண்டு, அதன் காரணத்தை மட்டும் பிடுங்கி எறிந்து, வேறொரு காரணத்தை அவ்விடத்தில் நட்டனர் அம்மாணவர். பெயர் இடுகுறி என்பது உண்மையாயின் அக்பாரை ஏற்பதில் ஒரு தடையும் இருந்திராது. ஏற்கமுடியாது என்று மூத்த இரசிகர் சினந்தனர். பெயருக்குக் காரணம் இல்லை என்று அதுவரை வாதித்தவரும் அவர்களே.

முடிவிற் கரிய கரடி ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. போக்னரின் புகழ்பெற்ற கரடிக்கதையும், 1902இல் மிசிசிப்பிக் காட்டில் வேட்டையாடிய சனாதிபதி றூஸ்வெல்ற் கட்டிவைத்த கரடியைச் சுட மறுத்த நிகழ்ச்சியும் அதற்குத் துணையாகக் காட்டப்பட்டன. குழுவினால் ஆராய்ந்து, மேற்கோளோடு முன்வைத்த கரடியை எவரும் நேசிக்கவில்லை. 2017இல் மாணவர் பெரும்பான்மையாக வாக்களித்து நிலச்சுறாவை ஏற்றனர். இதற்கோ உண்மையான மூலம் உண்டு. 2008ஆம் ஆண்டளவில் தடுப்பாட்டக்காரர் வெற்றிக் களிப்பிற் கையை நெற்றியில் வைத்துச் சுறாவின் முதுகுச்செதிள் போலக் காட்டுவர். அவ்வழக்கோடு தொடர்புடையவர் ரோனி பெயின். ஈராக்குப் போரிற் பணிபுரிந்து மீண்டு வந்து ஆடியவர். 2009இல் இளமையிலேயே இறந்தார். சுறாவுக்கு ரோனி என்றே பெயரிட்டனர். கரையிலிருந்து நெடுந்தூரத்திலுள்ள ஊருக்குச் சுறா பொருந்தாது என்று நகைத்தோர் உண்டு. எனினும் ஆட்டக்காரர் கையிலிருந்து பிறந்தது அது. அலுவலக மேசையிற் பிறக்கவில்லை. இறந்த வீரன் ஒருவனின் நினைவும் அதனோடு சேர்ந்தது. மூத்த இரசிகர் தம் கொடிக்குக் கூறிய அதே காரணந்தான். இங்கே அஃது எவரையும் புண்படுத்தவில்லை.

பாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'டிக்சி' என்னும் பாட்டுத் தெற்கின் ஆன்மா என்பர் இரசிகர். 1859இல் நியூயோர்க் நாடகமேடையில், முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தாரைப் போல நடித்துச் சிரிப்பூட்டும் கூத்துக்காக, வடக்கே ஒகையோவிற் பிறந்த டானியல் எம்மற் பெயரால் வெளிவந்தது அது. அப்பாட்டையும் வடநாட்டுப் போர்ப்பாட்டொன்றையும் கோத்துப் பல்கலைக்கழக இசைக்குழு வாசித்த கோவையின் முடிவிலே, தெற்கு மீண்டும் எழும் என்று மாணவர் கூவத் தொடங்கினர். கூவலை நிறுத்துமாறு வேந்தர் டான் ஜோன்ஸ் கேட்டார். நில்லாமையால் 2009இல் அக்கோவையையே நிறுத்தினார். அதனை எதிர்த்துக் குக்கிளக்ஸ்கிளான் கூட்டத்தார் சிலர் முகமூடியோடு வளாகத்துக்கு வந்தனர். அவர்களினும் பன்மடங்கு மாணவர் திரண்டு, பல்கலைக்கழகத்தின் உறுதிமொழியை ஒருங்கே உரத்து வாசித்தனர். 2016இல் 'டிக்சி' முற்றாக ஓய்ந்தது.

பிறர் கருத்துக்கு அஞ்சுதல் பற்றி மேலே குறைகூறினேன். அவ்வச்சத்தின் ஆற்றலையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் கொடியிலேயே, 1894 முதல், தென்மாநிலக் கூட்டின் போர்க்கொடி மூலையிற் பதிந்திருந்தது. 2001இல் மக்கள் வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபத்துநான்கு பேர் அதனையே வைத்திருக்க விரும்பினர். 2020 யூனில், தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கமும் தேசியச் சங்கமும், அக்கொடி பறக்கும் மாநிலத்தில் முக்கிய போட்டிகளை நடத்தோம் என்னும் நிலையை எடுத்தன. ஓல் மிஸ் அணியின் பரம்பரை எதிரியாகிய மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியின் கைலின் ஹில், கொடி மாறாவிடின் இம்மாநிலத்துக்காக இனி ஆடேன் என்று அறிவித்தார். இரு பல்கலைக்கழகப் பயிற்றுநரும் ஒருங்கே சட்டமன்றம் சென்று வேண்டினர். மாதம் முடியுமுன் கொடி நீங்கியது. ஹோக்கின்ஸ் 1982இல் தனியே செய்ததை, முப்பத்தெட்டு ஆண்டுகளின்பின் ஒரு மாநிலமே செய்தது. இடையில் நாட்டை உலுக்கிய நிகழ்ச்சிகள் பலவும் அதற்குத் துணைநின்றன என்பது உண்மை. எனினும் இறுதியாகத் தள்ளிய கை விளையாட்டின் கையே.

இனி, எஞ்சி நிற்பது பெயர். 1897இல் மாணவர் ஆண்டுமலருக்கு ஒரு பெயர் வேண்டிப் போட்டி நடந்தது. எல்மா மீக் என்னும் பெண்மணி 'ஓல் மிஸ்' என்பதை முன்மொழிந்தார். பருத்தித் தோட்டங்களில் அடிமைகள் எசமானின் மனைவியை அழைத்த சொல் அது. மகளாயின் 'யங் மிஸ்'. தாம் அங்கிருந்தே அதனை எடுத்ததாக அவரே பின்னாளிற் கூறியிருக்கின்றார். ஆகவே காரணம் யாது என்பதில் ஐயமில்லை. மலரின் பெயர் சில ஆண்டுகளிற் பல்கலைக்கழகத்தின் பெயராயிற்று.

இப்பெயரைக் காப்போர், இன்று அதனைச் சொல்லும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதன் காரணம் தெரியாது என்பர். ஆகவே அஃது இடுகுறியாயிற்று என்பர். அப்பெயரை நெஞ்சார நேசிக்கும் கறுப்பின ஆட்டக்காரரும் பழைய மாணவரும் உளர் என்பதும் உண்மையே. 1975இலேயே, அவ்வணியில் முதன்முதல் ஆடிய கறுப்பினத்தவர் இருவருள் ஒருவராகிய பென் வில்லியம்ஸ் என்பவரை மாணவர் வாக்களித்து, மாணவத் தலைமைக்கு வழங்கும் 'கேணல் றெபல்' என்னும் பட்டத்துக்குத் தெரிந்தெடுத்தனர். மனிதர் தம் சின்னங்களைவிடப் பெரியவர் என்பதற்கு இது சான்று. இவ்வாதங்களை நான் மதிக்கின்றேன்.

ஆயினும் இச்சொல்லின் இலக்கணத்தை நோக்குக. 'றெபல்' என்பது ஒருவன் தன்னைத் தானே குறிக்கும் பெயர். 'ஓல் மிஸ்' அத்தகையதன்று, அது விளி. விளிக்கு இருவர் வேண்டும்: அழைப்பவன் ஒருவன், அழைக்கப்படுபவள் ஒருத்தி. அழைக்கப்பட்டவளின் மேன்மை சொல்லில் நிற்கின்றது. அழைத்தவன் அதனுள் மறைந்து நிற்கின்றான். அன்பினால் அழைத்தான் எனச் சொல்லக்கூடும். வேறுவகையாக அழைத்திருப்பின் முதுகில் என்ன நேர்ந்திருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். அறுபதினாயிரம் பேர் அரங்கில் எழுந்துநின்று அப்பெயரை ஒரே குரலிற் கூவும்போது, அவர்கள் தம்மை அறியாமலே அடிமையின் வாய்ச்சொல்லை மீட்டும் உச்சரிக்கின்றனர். இக்காரணத்தால், காலத்தால் அது தேய்ந்து இடுகுறியாய்விட்டது என்னும் வாதத்தை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. தேய்ந்தது கேட்போர் செவியிலே; சொல்லின் அமைப்பிலே தேயவில்லை.

பல்கலைக்கழகம் கண்ட தீர்வு 2014இல் வெளிவந்தது. கல்வி சார்ந்த இடங்களில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் என்றும், விளையாட்டும் பற்றும் சார்ந்த இடங்களில் ஓல் மிஸ் என்றும் வழங்குக என்பது அதன் சாரம். வளாகத்திற் கூட்டின் பெயர்தாங்கிய வீதி ஒன்றும் அப்போதே பெயர்மாற்றம் பெற்றது. அதற்குச் சில மாதங்களின்முன் மெரடித்தின் சிலையின் கழுத்திற் கயிற்றுச் சுருக்கிட்டுச் சென்றனர் சிலர். அவ்விழிசெயலின் பின்னணியில் இத்தீர்வைப் படித்தல் வேண்டும். நூலகத்தில் ஒரு பெயர், அரங்கில் ஒரு பெயர் என்ற பாகுபாட்டில் வணிகக் கணக்கும் உண்டு. மேற்சட்டையிலும் தொப்பியிலும் விலைபோகும் வியாபாரக்குறி அப்பெயர். பேராசிரியர்களின் மின்னஞ்சல் முகவரிகளிலும் அப்பெயரே இன்றும் நிற்கின்றது; அவர்கள் கல்வி சார்ந்தவரோ விளையாட்டுச் சார்ந்தவரோ என்பதை அத்தீர்வை வகுத்தோரே கூறவேண்டும்.

பெயரை நீக்குக என்று கூற நான் முன்வரவில்லை. அதனைச் சொல்லி வளர்ந்தோரும், அதன்கீழ் ஆடி எலும்பு முறிந்தோரும் தீர்க்கவேண்டிய வழக்கு அது. ஆனால் 2018இல் அப்பல்கலைக்கழகம், தன் பழைய கட்டடங்கள் சில அடிமைகளின் உழைப்பால் எழுந்தவை எனப் பொறித்த பலகை ஒன்றை வளாகத்தில் நாட்டியது. சுவருக்குக் காரணம் கூறியவர்கள் பெயருக்குக் காரணம் கூறத் தயங்கவேண்டியதில்லை. அடிமைகள் எசமானியை அழைத்த சொல் இது, 1897இல் எடுத்துக்கொண்டோம் என்று இரண்டு வரிகள் போதும். அவை நிற்கத்தக்க இடம் நூலகமன்று, சனிக்கிழமைகளில் இரசிகர் தோப்பிலிருந்து நடந்துவந்து நுழையும் ஆட்டரங்கின் வாயிலே.